மயிரிழை வாய்க்கால் (கடிதம்)

வணக்கம் சார்,

மன்னார்குடி பக்கம் எனக்கு நெல் விவசாயம். மகள் நாலு வருடமாக பிஎச்.டி. செய்கிறாள். சிலிக்கான் சிப்பில் வாய்க்கால் வெட்டி, ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கிறாளாம். "உங்க வேலைதான்ப்பா, அளவுதான் சின்னது" என்கிறாள். தண்ணீர் விட இத்தனை வருடமா? ஊரில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னது பாதிதான் உண்மை. உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருப்பார்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு பாமணியாற்றில் இறங்குமே, ஒரு கூடை மஞ்சளைக் கொட்டினால் பத்தடிக்குள் கலந்துவிடும். தலைமுடி அகலமே உள்ள வாய்க்காலில் சுழி கிடையாது. சிவப்பு நீரையும் நீல நீரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், நடுவில் வரப்பே இல்லாமல் தனித்தனியாக ஓடும். 1883இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் என்ற விஞ்ஞானி கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டிய சங்கதிதான். அந்த முடியகலத்தை மெல்லப் பரவித் தாண்ட உப்புக்குச் சில வினாடி போதும். நீளமான டிஎன்ஏவுக்கு நிமிடக்கணக்கு, சமயத்தில் மணிக்கணக்கு. உங்கள் வாய்க்காலில் தானாக நடப்பதை அங்கே மெனக்கெட்டு நடத்த வேண்டும். அடியில் சாய்வான வரிகள் பொறித்துக் கலக்க வைப்பது பற்றியே தனி ஆராய்ச்சிகள் உண்டு.

ஏன் சிலிக்கான்? பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்க 95 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் மாறி மாறிச் சூடேற்றி ஆற்ற வேண்டும். சிலிக்கான் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். எனக்குப் பிடித்தது வேறு. சிலிக்கானை உலையில் வைத்து ஆக்சிஜன் காட்டினால் மேலே சிலிக்கா உண்டாகும். கொள்ளிடத்து மணலில் பெரும்பகுதி அதுதான். குவானிடினியம் வகை உப்பை அடர்த்தியாகச் சேர்த்தால் டிஎன்ஏ அதில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீர் விட்டால் கழன்று வரும். 1990இல் வெளியான முறை இது. (நாம் மணலை லாரியில் ஏற்றித்தான் பழகியிருக்கிறோம்.)

சரி, நாலு வருடம்? வாய்க்காலை ஒளியால் வரைந்து, வாயுவால் அரித்து, மேலே கண்ணாடி ஒட்டுவதற்குள் ஒரு தூசி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் தேறி வந்தாலும் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், மதகில் ஆகாயத்தாமரை அடைத்த கதை. இறங்கி அள்ளிப் போடவும் முடியாது.

ஊராரிடம் "ரத்தத்துக்கு மதகு கட்டுறா" என்று சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு மகள் வரும்போது படிப்பு எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். குமிழியை எப்படி வெளியேற்றுகிறாள் என்று கேளுங்கள். அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும்.