தரவரிசையில் 121, கருமபீடத்தில் எத்தனை?

கேள்வி (வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை): ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா 96ஆம் இடத்திலும் இலங்கை 121ஆம் இடத்திலும் இருப்பதாகப் படித்தேன். அண்மையில் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “தேத்தண்ணிக்கு ஏதாவது பாருங்கோ அக்கா” என்று கேட்டார்கள். தமிழ்நாட்டு முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய என் தங்கையோ, அங்கே இதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது என்கிறாள். பட்டியல் சரியா, அவள் சொல்வது சரியா?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். நீங்கள் படித்தது, பெர்லினைத் தலைமையகமாகக் கொண்ட ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 1995 முதல் வெளியிட்டுவரும் சுட்டெண்ணின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு. 180 நாடுகளுக்கு 0 முதல் 100 வரை (100 என்றால் மிகச் சுத்தம்) புள்ளி வழங்கும் அதில் டென்மார்க் 90, இந்தியா 38, இலங்கை 32. ஆனால் அந்தப் புள்ளி, பொதுமக்கள் கருமபீடத்தில் கொடுத்த காசை எண்ணிப் பெறப்பட்டதன்று. அரச துறையில் ஊழல் எவ்வளவு என்று நிபுணர்களும் தொழில் நிறுவனத்தாரும் கருதுவதை, ஏற்கெனவே உள்ள பல மதிப்பீடுகளிலிருந்து திரட்டிக் கணிப்பது. அமைச்சரவை மட்டத்தில் நடக்கும் கொள்முதலும் பொதுப் பணச் சூறையாடலும் விசாரணைகளின் போக்கும் அவர்களுடைய கருத்தைத் தீர்மானிக்கின்றன. உங்கள் தேத்தண்ணிக் காசு அவர்கள் கண்ணில் படுவது அரிது.

தங்கை சொல்வதற்குப் பக்கபலமாக அதே அமைப்பின் இன்னொரு ஆய்வு இருக்கிறது. ஆசிய நாடுகளில் பொதுமக்களிடமே, முந்தைய 12 மாதங்களில் அரச சேவை ஒன்றைப் பெற இலஞ்சம் கொடுத்தீர்களா என்று கேட்டு 2020இல் வெளியிட்ட அந்த ஆய்வில், சேவையை நாடியவர்களில் கொடுத்ததாகச் சொன்னோர் இந்தியாவில் 39 வீதம், இலங்கையில் 16 வீதம், ஜப்பானில் 2 வீதம். அதே ஆண்டின் சுட்டெண்ணிலோ இந்தியாவுக்கு 40 புள்ளி, இலங்கைக்கு 38. எங்கள் பக்கத்தில் எழுதுவினைஞரின் மேசையில் கறப்பது குறைவாகவும் மேல்மாடியில் விழுங்குவது கூடுதலாகவும் இருக்கிறது என்று இதை வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பட்டியலின் உச்சியில் நிற்கும் நாடுகளையும் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் தனியார் துறையின் ஊழலும் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியினுடைய எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை ஏறத்தாழ 20,000 கோடி யூரோ பாய்ந்தது, அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரிய பணம். டென்மார்க் இன்றும் முதலிடத்தில்தான் இருக்கிறது. நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் விமானங்கள் தயாரிக்கும் எயார்பஸ். இலஞ்சக் குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 360 கோடி யூரோ செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரிட்டன் எழுப்பிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஸ்ரீலங்கன் விமான சேவைக்கான விற்பனையில் இலஞ்சத்தைத் தடுக்கத் தவறியது. கொடுத்த கை ஐரோப்பாவில், வாங்கிய கை இங்கே. அபராதமோ அங்கேயுள்ள திறைசேரிகளுக்குப் போயிற்று.

ஆகவே ஒரு நாட்டை இன்னொன்றோடு நிறுத்துப் பார்ப்பதைவிட, அதே நாட்டை அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவது பயன் தரும். இலங்கையின் புள்ளி 2012இல் 40. 2024 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டுப் புள்ளி இறங்கினோம், அதில் பாதி 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு.

உங்கள் பிரதியைப் பொறுத்தவரை, கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, கட்டியதற்குப் பற்றுச்சீட்டுத் தரும்படி சொல்லுங்கள். பல இடங்களில் அதுவே போதும். கோப்பு அசையவில்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பம் இப்போது யாருடைய மேசையில், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது என்று அவ்வலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நேரடியாகப் பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

கேள்வி (வாசகர் ஒருவர், கிண்ணியா): சிங்கப்பூரைப் போலச் சம்பளத்தைக் கூட்டிவிட்டால் இலஞ்சம் ஒழியாதா?

பதில்: சிங்கப்பூரில் நடந்த வரிசை வேறு. ஊழல் புலனாய்வுப் பணியகம் 1952இல், பிரித்தானியர் ஆட்சியிலேயே தொடங்கியது. கடுமையான ஊழல் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அமைச்சர்களின் சம்பளத்தைத் தனியார் துறையின் உயர் வருமானத்தோடு இணைக்கும் ஏற்பாடு 1994இல்தான் வந்தது. அதற்குள் அந்த நாடு பெருமளவு சுத்தமாகியிருந்தது. அவ்வளவு சம்பளம் பெற்றும் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பதவியில் இருந்தபோது விலையுயர்ந்த அன்பளிப்புகளைப் பெற்றமைக்காகவும் நீதிக்கு இடையூறு செய்தமைக்காகவும் 2024 ஒக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நம்மிடமும் 1994 முதல் ஓர் ஆணைக்குழு இருந்துவந்தது. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை மறுசீரமைத்து, தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவரின் கதவை அது தட்டுமா என்பதைப் பார்த்த பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.