பத்தாண்டு வேலையை நிறைவு செய்யாதவருக்கு அமெரிக்க ஓய்வூதியமும் மெடிகேரும் கிடைக்குமா?

அமெரிக்காவில் ஆறு ஆண்டுகள் மட்டும் வேலை பார்த்துப் பிறகு பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்துவிட்ட உங்கள் மனைவிக்கு ஓய்வூதியமும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் வழி இருக்கிறது. சொந்தக் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) ஓய்வூதியம் பெற 40 கிரெடிட்டுகள், அதாவது ஊதியத்துக்கு ஏற்பச் சேரும் தகுதிப் புள்ளிகள், தேவை. ஆண்டுக்கு அதிகபட்சம் நான்குதான் சேரும் என்பதால் அவரிடம் 24 வரை இருக்கலாம், எத்தனை ஆண்டு இடைவெளி விட்டாலும் அவை அழிவதில்லை. 2025-இல் 1,810 டாலர் ஊதியத்துக்கே ஒரு கிரெடிட் கிடைத்ததால், மீதி 16-ஐப் பகுதிநேர வேலையிலேயே நான்கு ஆண்டுகளில் எட்டிவிடலாம். சொந்தத் தகுதி யாரையும் சார்ந்திராது என்பதால் முடிந்தவரை இதையே செய்யச் சொல்வேன். முடியாவிட்டால், நீங்கள் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின், முழு ஓய்வு வயதில் (குறைப்பின்றி ஓய்வூதியம் கிடைக்கும் வயது) உங்களுக்குரிய தொகையில் பாதிவரை அவர் பெறலாம். நீங்கள் 40 கிரெடிட்டுகளுடன் 62 வயதை எட்டியிருந்தால், அவருக்கு 65 வயதில் மெடிகேர் ஏ பகுதி (மருத்துவமனைச் செலவுக்கானது) பிரீமியமின்றிக் கிடைக்கும். பி பகுதிக்கு (மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கானது) மாதப் பிரீமியம் உண்டு.