டியூப் லைட் என்ற பெயர்

அன்புள்ள ஐயா,

கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஒரே மூச்சில் நான்கு வேலை சொன்னால் முதல் வேலை மட்டுமே நினைவில் நிற்கிறது. 47-ஐ 74 என்று எழுதிவிடுகிறேன். கடையில் என் பெயர் ‘டியூப் லைட்’. சோதித்துப் பார்த்த உளவியலாளர், கற்றல் குறைபாடு இருக்கிறது, உள்வாங்கும் வேகமும் குறைவு, ஆனால் அறிவில் குறையில்லை என்றார். வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள தம்பி,

வேலையை விடவேண்டாம்; வேகமாகிவிட வேண்டும் என்ற முயற்சியை விடுங்கள். அறிவுத்திறன் சோதனையில் வேகத்தைத் தனியாகவே அளக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் குறியீடுகளை நிரப்பும் பகுதியில் பின்தங்குகிறவர், சொற்பொருள் விளக்கும் பகுதியில் நன்றாகவே மதிப்பெண் எடுக்கக்கூடும்.

நானும் மந்தம் என்று பெயர் வாங்கியவன்தான். இளவயதில் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில், அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்தி மெய்ப்புத் திருத்தி, அன்றாடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள், வேகக்காரர் இருவர் பார்த்து அனுப்பிய திருமண அழைப்பிதழில், ஆவணி 12-க்குப் புதன் என்றும் அதே நாளான ஆகஸ்ட் 28-க்கு வியாழன் என்றும் இருந்ததை அந்த அடிக்கோல்தான் காட்டிக்கொடுத்தது. அதன் பிறகும் திட்டு நிற்கவில்லை என்பது வேறு.

உங்கள் 47, 74 சிக்கலுக்குப் பழைய கணக்கப்பிள்ளைகளிடம் ஒரு வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். ஆகவே இருட்டிய பின் கணக்கு 27 ரூபாயோ 540 ரூபாயோ இடித்தால், முதலில் இடம் மாறிய எண்ணைத் தேடுங்கள்.

முதலாளியிடம் குறைபாட்டின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டாம். “வேலையை வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள், பிசகாமல் முடித்துத் தருகிறேன்” என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் சேர்த்திருக்கிறது. அரசு வேலைக்கு முயல்வதானால் சான்றிதழ் உதவும், மளிகைக் கடையில் அதற்குப் பெரிய வேலையில்லை.

அதைவிட, மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலை, அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்களின் பட்டியலைக் கொள்முதல் பில்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அவசரக்காரர் ஒரு பில்லை விட்டால் முதலாளிக்கு, கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு போய்விடக்கூடும் என்பதால், அங்கே உங்கள் நிதானத்துக்குக் காசு மதிப்பு உண்டு. தீபாவளிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களை பில் போட உட்கார வைத்துவிட்டால் பிறகு பேச நேரம் கிடைக்காது.