யாரும் கூப்பிடவில்லையா? நீங்கள் கூப்பிடுங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: "புது நாட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. அலுவலகத்தில் எல்லாரும் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் பேச ஆளில்லை. ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. நான் எதில் தவறுகிறேன்?"

எதிலும் தவறவில்லை. படிக்கிற காலத்தில் நட்பு தானாக அமைந்தது, ஏனென்றால் ஒரே வகுப்பு, ஒரே விடுதி, தினமும் அதே முகங்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குடியிருப்பு ஒன்றில், திருமணமான மாணவர்கள் யாரோடு யார் நட்பாகிறார்கள் என்று ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். அடுத்த கதவில் இருப்பவரோடு நட்பாகும் வாய்ப்பு, அதே நடைவழியின் மறுகோடியில் இருப்பவரோடு ஆவதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. வயது வந்த பிறகு இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் நமக்குச் செய்து தருவதில்லை. ஏற்கெனவே இங்கே வேரூன்றியவர்களுக்கோ குடும்பம், பழைய நண்பர்கள் என்று நாட்காட்டி நிறைந்திருக்கிறது. உங்களை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. உங்கள் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் முதலில் கூப்பிட வேண்டியது புதிதாக வந்தவர்தான். நியாயமில்லைதான், ஆனால் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

உடனே பெரிய விருந்துக்குத் திட்டம் போட்டுவிடாதீர்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். முப்பது பேரை ஒரே நாளில் அழைத்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஐந்தாறு பேரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் பார்த்தால், ஒரு வருடத்தில் 50 மணி நேரம் தாண்டிவிடும். ஆகவே, அலுக்காமல் திரும்பச் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக வையுங்கள். தேநீர், கொறிக்க ஏதாவது, வேண்டுமென்றால் ஒரு பலகை விளையாட்டு. மேசை நிறையச் சமைத்து வைத்தால், "இதற்குப் பதில் நான் என்ன செய்வது" என்ற பயம் வந்தவருக்கு வந்துவிடும். அடுத்த தடவை சாக்குச் சொல்லி நழுவுவார்.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்பது அழைப்பே இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, வேறு யார் வருகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். முடியும் நேரத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் "நான்கிலிருந்து ஆறு வரை" என்றால் தயங்குகிறவர்கூடச் சரி என்பார். எது சாப்பிட மாட்டீர்கள், ஏதாவது ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குழந்தைகளை அழைத்து வரலாமா என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சங்கடம் மிச்சம்.

முதல் கால் மணி நேரம்தான் கஷ்டம். கொஞ்சம் பழகியவர் ஒருவரை முன்னதாகவே வரச் சொல்லி ஒத்தாசை கேளுங்கள். உதவி செய்தவருக்கு உதவி கேட்டவர்மேல் பிடிப்பு கூடுகிறது என்று உளவியலாளர்கள் ஜெக்கர், லாண்டி இருவரும் 1969இல் செய்த ஆய்வு காட்டியது. அறிமுகம் செய்யும்போது பெயரோடு நிறுத்தாமல், "இவரும் உங்களைப் போலவே மலையேறப் போகிறவர்" என்று ஒரு பிடி கொடுங்கள். அப்புறம் பேச்சு தானாக ஓடும். சமையலறையிலேயே நின்றுவிடாதீர்கள்; வந்தவர்கள் உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். நம் மொழிக்காரர் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு தானாகத் தமிழுக்கு வழுக்கும். புரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைக் கவனித்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஒன்றினாலேயே இரண்டாம் தடவை வராமல் போனவர்கள் உண்டு. படம் எடுத்தால், பொதுவில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் போன பிறகு, "யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறதே" என்று மனம் அரிக்கும். எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். புதியவரோடு பேசி முடித்ததும், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் உள்ளதைவிடக் குறைத்தே எடைபோடுகிறோமாம். அந்த அரிப்பை நம்பாதீர்கள். மறுநாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி எழுதுங்கள். அவர் பேசியதில் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதினால் போதும்.

திருப்பி அழைக்காதவர்மேல் மனத்தாங்கல் வேண்டாம். அவர் அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டிருக்கலாம், விருந்தோம்பக் கூச்சப்படுகிறவராக இருக்கலாம். கூப்பிட்டால் வருகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் தொடர்ந்து கைவிரிப்பவரை, சண்டை போடாமல் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம்.

உங்களுக்கு அழைப்பு வர ஆரம்பித்தால், வருவேன் அல்லது வரவில்லை என்று அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று தொங்கவிடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், கேட்காமல் இன்னொருவரைக் கூட்டிப் போகாதீர்கள். வேலை முடிந்து களைப்பாக இருந்தாலும் ஒரு மணி நேரமாவது போய்விட்டு வாருங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.