நீட்டுகிறவனுக்கு ஏன் கைதட்டல்?

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. போதைப்பொருளை மறுக்கப் பழக்குவதற்காகப் பிள்ளைகளை இருவர் இருவராக நடிக்கவைத்தேன். நீட்டியவனுக்குக் கைதட்டல், மறுத்தவன் அசடு வழிய நின்றான். எங்கே பிசகு?

பதில்: நீட்டுகிற வேடத்தை மாணவனிடம் கொடுத்ததில்தான். வசனமும் மிடுக்கும் அதற்குத்தான். யார் போட்டாலும் ஜொலிப்பார்கள். போதாக்குறைக்கு, வற்புறுத்தவும் நன்றாகப் பழகிவிடுகிறான். அதை நீங்களே போடுங்கள், எழுதிவைத்த நாலு வரியைத் தாண்டாமல். பிள்ளைகள் எல்லோரும் மறுக்கிற பக்கம்.

நீட்டுவது பெரும்பாலும் முகம் தெரியாத ஆள் அல்ல, கூடவே சுற்றுகிற நண்பன். அவனிடம் போய் "இது உடலுக்குக் கேடு" என்று எந்தப் பிள்ளையும் பிரசங்கம் செய்யாது. "வேணாம்டா." முகத்தைப் பார்த்து, குரல் இறங்காமல், சிரிக்காமல். சிரித்தால் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான். ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லலாம், இரண்டாவது கூடாது. "நாளைக்கு மேட்ச் இருக்கு" என்றால் "ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது" என்று வரும். அதற்கு இன்னொரு காரணம் தேடினால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுபடி அதே "வேணாம்டா". அப்படியும் விடாவிட்டால் "நான் கிளம்பறேன்". சொல்லும்போதே கால் நகர வேண்டும். வகுப்பில் நிஜமாகவே வாசல்வரை நடக்கவிடுங்கள். உட்கார்ந்த இடத்தில் ஒப்பித்தது உடம்பில் ஏறாது.

இதைவிட முக்கியமான ஒன்று. மறுக்க மட்டும் பழக்கினால், 'அப்படியானால் எல்லோரும் எடுக்கிறார்கள் போலிருக்கிறது' என்று பிள்ளைகள் நினைத்துவிடலாம். அமெரிக்காவில் ஹேன்சன், கிரஹாம் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மறுக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, சக வயதினரில் உண்மையில் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களிடம்தான் பலன் தெரிந்தது. ஆகவே நடிப்புக்கு முன்னால் பெயரில்லாச் சீட்டில் இரண்டு கேள்வி: எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு எத்தனை பேர் புகைத்திருப்பார்கள்? நீ புகைத்திருக்கிறாயா? விடைகளை அச்சடித்துக் கொடுத்து டிக் மட்டும் போடச் சொல்லுங்கள், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வகுப்பு போதாது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து எண்ணுங்கள். ஊகம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உண்மை எண்ணே பெரிதாக வந்தால் எழுத வேண்டாம். அது தலைமையாசிரியரோடும் மனநல ஆலோசகரோடும் பேச வேண்டிய சங்கதி.

ஒரே நாள் முகாமாக முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் பாட்வின் போதைத் தடுப்புக்காகப் பள்ளிகளுக்கு வகுத்த, பல நாடுகளில் நடக்கும் வாழ்க்கைத்திறன் பயிற்சியில் முதலாண்டு 15 வகுப்பு, அடுத்த ஆண்டு 10, அதற்கடுத்து 5.