வாசகர் கேள்வி: வால்பாறையில் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: குழந்தைகளுடன் இரண்டு நாள் வால்பாறைக்குப் போகிறோம். சென்ற முறை எஸ்டேட் சாலைகளில் காரிலேயே சுற்றியும், புதுத்தோட்டம் பக்கம் ஒரு கறுப்புக் குரங்கைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. விலங்குகளைக் கட்டாயம் பார்க்க எங்கே போவது?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்குப் போங்கள் அம்மா. அந்தக் கறுப்புக் குரங்குக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் இருந்ததா? அப்படியானால் அது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டா எதுவும் படவில்லை என்கிறீர்கள்! சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதும் அவை அடிபடாமல் கடக்கத்தான். முறுக்கை நீட்டிக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவில் எல்லோரும் அணையைப் படம் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி மேலே பாறையைப் பாருங்கள். வரையாடு நின்றாலும் காதை அசைக்கும்வரை அதுவும் பாறையாகத்தான் தெரியும்.

நான் வளர்ந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தவர். காட்டுமாடு தேயிலைக்குள் நின்றால் முதுகு மட்டும் கரும்பாறைபோலத் தெரியும். அது தலையைத் தூக்கியதும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த நிரைக்கு மாறிக்கொள்வார்கள். பாதைக்கு வந்தால்தான் முழங்காலுக்குக் கீழே வெள்ளை தெரியும். "சாக்ஸ் போட்ட மாடு" என்று பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

யானையைத் தேடிப் போகவே வேண்டாம். கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். வீடு திரும்பும் தொழிலாளிகளை எச்சரிக்க வைத்த விளக்கு அது. அதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு காரைத் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

காரை நிறுத்திவிட்டு, காலையில் அத்தி பழுத்த மரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். இருவாச்சிப் பறவை வந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். நீராவி ரயில் மூச்சு வாங்குவதுபோல இறக்கைச் சத்தம். வராமலும் போகலாம்.

மழைக்காலத்தில் போனால் ஒன்றே ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுவீர்கள்: அட்டை. அம்மா காலில் புகையிலைத் தூள் தேய்த்துக்கொண்டுதான் மலைக்குக் கிளம்புவார். உங்களுக்கு ஒரு பொட்டலம் உப்பு போதும்.