யார் வீட்டில் யார் விருந்தாளி

வணக்கம் அக்கா,

நான் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று சொல்லப்படும் ரோமா மக்களில் உள்ள கலைஞர்களுக்கென்றே ரெசிடென்சிகள், அதாவது கொஞ்ச நாள் தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கும் ஏற்பாடுகள், நடப்பதாகப் படித்தேன். ஓவியத்தில் தரத்தை விட்டுவிட்டு இனம் பார்த்து இடம் கொடுப்பது சரியா? அவர்களை இன்னும் ஒரு மூலையில் உட்கார வைப்பது ஆகாதா? அவர்கள் நம் நாட்டிலிருந்து போனவர்கள்தானே, அவர்களும் நம்மூர் நரிக்குறவர்களும் ஒன்றா? கடைசியாக ஒன்று. எங்கள் வீடு ஒரே அறை. அம்மா ஜாக்கெட் தைக்கிறார். மிஷின் சத்தத்தில் என்னால் ஒரு கோடு போட முடிவதில்லை. என்னைப் போன்றவர்கள் ஒரு ரெசிடென்சிக்கு எப்படித் தயாராவது?

கதிர்

அன்புள்ள கதிர்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு போலந்துக்காரியின் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில்தான், பெரிதாக்கிப் பெரிதாக்கி. அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் இதுவும் மற்ற கடிதங்களோடு ஆறு மாதம் கிடந்திருக்கும்.

நரிக்குறவர்களும் ரோமாக்களும் ஒன்றல்ல. நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியும் ரோமாக்கள் பேசும் ரோமானியும் இந்தோ-ஆரிய மொழிகள், அவ்வளவுதான். இரண்டு பேரையும் 'ஜிப்சி' என்று ஒரே மூட்டையில் கட்டியது வெள்ளைக்காரன். அதை நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்?

"நம் நாட்டிலிருந்து போனவர்கள்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தானே'தான் எனக்கு எரிச்சல். ஆமாம், ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னால் போனார்கள். மொழியே சாட்சி. அவர்களுக்குத் தண்ணீர் 'பானி', மனிதன் 'மனுஷ்'. அந்த 'மனுஷ்' என்ற சொல்லை முதல்முறை பார்த்தபோது எனக்கும் என்னவோ செய்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பட்டதில் நமக்கு என்ன பங்கு? இன்றைய ருமேனியாப் பக்கத்து வலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் 1850கள் வரை அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, நாஜிகளின் பிர்கெனாவ் முகாமில் மிச்சமிருந்த ரோமாக்கள் 4,000க்கும் மேற்பட்டவர்களை விஷவாயு அறைக்கு ஓட்டினார்கள். அப்போதெல்லாம் ஞாபகம் வராத சொந்தம், வெனிஸ் கண்காட்சியில் ஒரு ரோமாப் பெண் பேர் வாங்கியதும் வந்துவிடுகிறது.

தரம் பற்றி ஒரே வரி. நாடுகள் தங்கள் அரங்குகளோடு வரும் பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலே 1895இல் தொடங்கியது, ஒரு நாட்டின் அரங்கில் அந்த நாட்டின் சார்பாக ஒரு ரோமா கலைஞர் நிற்க 2022 ஆனது. இந்த 127 வருடத்தில் தரமான ரோமா ஓவியர் ஒருவர்கூடப் பிறக்கவில்லை என்று நீங்கள் நினைத்தால் நாம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆனால் 'மூலை' என்று சொன்னீர்களே, அதில் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் முன்பு எனக்கும் ஒரு ஐரோப்பிய நகரத்தில், பெயர் வேண்டாம், ரெசிடென்சி கிடைத்தது. ஆறு வாரம். மூன்றாவது மாடியில் அறை, ஒரு மேஜை, ஒரு கெட்டில், ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரம். நாவலை முடித்துவிடலாம் என்று போனேன். இரண்டாவது வாரமே மெயில் வந்தது. பார்வையாளர்கள் வரும் நாளில் நீங்கள் புடவை கட்டி வந்து வாசலில் கோலம் போட முடியுமா? பக்கத்து அறை டென்மார்க் கவிஞரிடம் இப்படி எதுவும் கேட்கவில்லை. அவர் கவிதை வாசித்தால் போதும்.

எனக்குக் கோலம் வராது கதிர். எங்கள் வீட்டில் அம்மாவே போட்டதில்லை. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். இருந்தாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சோறு போடுகிறார்கள், டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வியட்நாம்காரர் கடையில் அரிசிமாவு வாங்கினேன். கோலமாவு என்றால் கொரகொரப்பாக இருக்க வேண்டும். இது முகப்பவுடர் மாதிரி நைஸ். விரலிடுக்கில் இழையாக இறங்காமல் பொத் பொத்தென்று விழுந்தது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு இட்லி அளவு. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை கூட்டவந்த அம்மா சைகையிலேயே கேட்டார், மாவுப் பொட்டலம் கிழிந்துவிட்டதா என்று. அந்த ஆறு வாரத்தில் என் படைப்பை நேர்மையாக விமர்சித்தவர் அவர் ஒருவர்தான். நாவல் ஒரு பக்கம் நகரவில்லை.

ரோமா கலைஞர்களை யாராவது விருந்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த மாவு ஞாபகம் வரும். ஓவியம் கொண்டுவா என்று கூப்பிட்டுவிட்டு, அப்படியே கொஞ்சம் ரோமாவாகவும் இருந்து காட்டு என்பார்கள்.

நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் போலந்துக்காரி மவ்கொஜாத்தா மிர்கா-தாஸ். 1978இல் பிறந்தவர். 2022இல் போலந்தின் அரங்கில் நின்றவர் அவர்தான். ஊர் சார்னா கூரா, தெற்கே தாத்ரா மலைப் பக்கம். கறுப்பு மலை என்று அர்த்தம். அங்கே ரோமாக்கள் கூண்டுவண்டியில் அலைபவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். 2011இலிருந்து அந்த ஊரில் ஒரு ரெசிடென்சி நடந்துவருகிறது, அதைத் தொடங்கியவர்களில் மிர்காவும் ஒருவர். பெயர் 'யாவ் திக்'. வந்து பார் என்று பொருள். கொஞ்சம் இந்தி தெரிந்தாலும் போதும், ஆ, தேக்.

இங்கே யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் "எப்போது கிளம்புவாய்?" என்று கேட்கப்பட்டவர்கள், தங்கள் வாசலில் நின்று "வா" என்கிறார்கள். அறையும் கெட்டிலும் அவர்களுடையது. செருப்பை எங்கே கழற்றுவது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டுமா என்றெல்லாம் முழிக்கவேண்டியது வந்தவன். கோலம் போடு என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் சொல்பவனே விருந்தாளி. உங்கள் 'மூலை' வாதம் இங்கே நிற்காது. அது அவர்கள் வீட்டு நடுக்கூடம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரியும், பரவாயில்லை.

அதே 2011இல் மிர்கா இன்னொன்றும் செய்தார். போஜென்ச்சின் என்ற ஊரில், போர்க்காலத்தில் கொல்லப்பட்ட ரோமாக்களுக்கு மரத்தில் ஒரு நினைவுச்சின்னம். 2016இல் யாரோ அதை வெட்டிப் போட்டார்கள். திரும்பச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள்.

அப்புறம் வெனிஸ். இத்தாலியில் ஃபெராரா நகரத்து ஸ்கிஃபனோயா மாளிகையில் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உண்டு, மாதத்துக்கு ஒன்று, மூன்று அடுக்காக. மிர்கா அந்த அமைப்பை எடுத்து 12 பெரிய துணிப் பலகைகளாகத் தைத்தார். மேலடுக்கில் ரோமாக்களின் பயணம். 17ஆம் நூற்றாண்டில் ஜாக் கல்லோ என்ற அச்சோவியர் அவர்களைக் கேவலமாகச் செதுக்கிய அச்சுப்படங்களை எடுத்து, பொலிவான துணியில் மாற்றித் தைத்திருக்கிறார். நடுவில் ராசிகளோடு ரோமாப் பெண்கள். கீழே சார்னா கூராவின் அன்றாடம். துணியெல்லாம் சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் உடுத்திக் களைந்தது. ஒருவரைத் தைக்கும்போது முடிந்தால் அவர் உடுப்பிலிருந்தே வெட்டி ஒட்டுகிறார். நான் பெரிதாக்கிப் பார்த்தது அந்த மடிப்புகளைத்தான். புதுத்துணி அப்படி விழாது. பல தடவை துவைத்து வெளுத்த துணிதான் அப்படித் தொய்ந்து விழும்.

செல்மா செல்மன் என்று இன்னொரு ரோமா கலைஞர், போஸ்னியாவின் பிஹாச் பக்கம், 1991இல் பிறந்தவர். வீட்டுத் தொழில் பழைய இரும்பு. ஆம்ஸ்டர்டாமில் பெரிய பேரெடுத்த ரைக்ஸ் அகாடமி ரெசிடென்சியில் தங்கியிருந்தார். தனிமையைத் தேடிப் போய் அவர் வீட்டை மறந்துவிடவில்லை. அப்பாவோடும் அண்ணன் தம்பியோடும் சேர்ந்து பார்வையாளர்கள் முன்னால் மெர்சிடிஸ் காரை உடைத்துப் பிரிப்பதும் அவருடைய கலைதான். வீட்டில் செய்யும் அதே வேலை.

இதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்கப் பார்க்கவில்லை. ஒரே அறையில் மிஷின் சத்தத்தோடு வரைவது கொடுமை, எனக்குத் தெரியும். கஷ்டத்தில்தான் கலை பிறக்கும் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டில் எத்தனை அறை என்று கேளுங்கள். தனியறை கிடைத்தால் கூசாமல் போங்கள். கல்லூரியில் மாலையில் ஸ்டுடியோவைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ரெசிடென்சிக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வேலைகளில் நல்லதாகப் பத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

கூடவே இதையும் எழுதுங்கள். ஜாக்கெட் வெட்டும்போது கீழே விழும் துண்டுகளை அம்மா என்ன செய்கிறார்?